செத்துப்போச்சு என்று சொல்லப்பட்ட ஹார்ட் டிஸ்க்

இரவு பதினொன்றரை இருக்கும். புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்வது என் வேலை. 312 பக்கப் புத்தகம் ஒன்றை முடித்து, கடைசியில் வரும் சொல்லடைவை மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த லேப்டாப்பை மேசைக்கு மாற்றலாம் என்று ஒரு கையால் அதன் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். திரை அப்படியே உறைந்தது. பத்து விநாடி காத்திருந்தேன். தானே அணைந்து தானே எழுந்தது. எழுந்த பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: "நோ பூட்டபிள் டிவைஸ் ஃபவுண்ட்". விண்டோஸை எழுப்ப ஒரு டிஸ்கும் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த ஒரு வரியிலிருந்து வெளியே வர எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. தேவையே இல்லாமல் ஒரு புது டிஸ்க் வாங்கினேன், சர்வீஸ் கூலி கொடுத்தேன், ஏற்கெனவே முடித்த வேலையின் பாதியைத் திரும்பச் செய்தேன். அதில் பெரும்பகுதி என் அவசரத்துக்குக் கொடுத்த விலை என்பதால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

அறிகுறிகள் முன்பே இருந்தன. ஒரு மாதமாகவே லேப்டாப் அவ்வப்போது ஐந்து, பத்து விநாடி மூச்சுப் பிடித்து நிற்கும். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். "பழசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அது மேசைமேல் இருந்தபோது ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. மடியில் வைத்திருக்கும்போதும், இடம் மாற்றும்போதும்தான் நின்றது. அசைந்தால் வரும் கோளாறு என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மின்விசிறி சுவிட்ச் இப்படி மக்கர் செய்தால் யாருக்கும் உடனே புரிந்துவிடும். லேப்டாப் என்றதும் நமக்கு மூளை வேலை செய்வதில்லை.

அன்றிரவு பத்துப் பன்னிரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். வரவில்லை. தூங்கவும் இல்லை. காலையில் எழுந்து பட்டனை அழுத்தினால், விண்டோஸ் சமர்த்தாக வந்து நின்றது! அடுத்த இருபது நிமிடம் நான் செய்ததை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். வைரஸாக இருக்குமோ என்று முழு ஸ்கேன் போட்டேன். நிலுவையில் இருந்த அப்டேட்டை ஓடவிட்டேன். இரண்டும் டிஸ்கைப் போட்டுப் பிழியும் வேலைகள். புத்தக ஃபைல்கள் இருந்த ஃபோல்டர் மொத்தமே மூன்று ஜிபிதான். ஒரு பென் டிரைவில் போட்டிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்ற நிம்மதி வேறு எதையும் யோசிக்க விடவில்லை. ஸ்கேன் பாதியில் நிற்க, மறுபடியும் கறுப்புத் திரை. காணாமல் போன டிஸ்க் ஒருமுறை கண்ணில் பட்டால், காரணத்தைத் தேடாதீர்கள், சரி செய்யவும் முயலாதீர்கள். முக்கியமானதை முதலில் வெளியே எடுங்கள். அடுத்த முறை அது வரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

அடுத்து பயாஸுக்குள் போனேன். லேப்டாப் எழும்போதே எஃப்2, எஃப்10, டெலீட் என்று தயாரிப்பாளருக்குத் தக்கபடி ஏதோ ஒரு பட்டனைத் தட்டினால் வரும் பக்கம் அது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே இருப்பது. எந்தெந்தச் சாதனம் தன் கண்ணுக்குத் தெரிகிறது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். என்னுடையதில் ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அங்கேயே எனக்குப் பாதி விடை கிடைத்திருக்க வேண்டும். பயாஸுக்கு டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் எழவில்லை என்றால் அது பூட் வரிசை (எந்தச் சாதனத்திலிருந்து முதலில் எழுவது என்ற பட்டியல்), பூட் லோடர் (விண்டோஸை எழுப்பிவிடும் சின்ன நிரல்), விண்டோஸ் ஃபைல்கள் என்று மென்பொருள் பக்கம் பார்க்க வேண்டிய விஷயம், இல்லையென்றால் டிஸ்கில் சில இடங்கள் படிக்க முடியாமல் போயிருக்கும். பயாஸுக்கே தெரியவில்லை என்றால், விண்டோஸை மறுபடி போடுவதால் எந்தப் பயனும் இல்லை. டிஸ்க், அதை இணைக்கும் கேபிள் அல்லது சாக்கெட், எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டு என்று சந்தேகப்பட வேண்டியவை அந்த மூன்றும்தான். இது தெரியாமல் நான் பூட் வரிசையை மாற்றினேன், எழும் முறையை யூஇஎஃப்ஐ என்ற புதியதிலிருந்து லெகசி என்ற பழையதற்கு மாற்றினேன், நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை அணைத்தேன். எதற்கும் மசியாததால் கடைசியில் "எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்பு" என்பதைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஒரு தட்டு சில வாரம் கழித்து என் காலை வாரியது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாம் நாள் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டு போனேன். அவர் லேப்டாப்பை எழுப்பி, பயாஸைப் பார்த்து, "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருக்கும் ஃபைல்கள் என்று இழுத்தேன். "ரெக்கவரிக்குத் தனியா அனுப்பணும், லேப்டாப் விலையைவிட அதிகமா ஆகும், கிடைக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். பயாஸில் டிஸ்க் தெரியாத பத்துப் பேரில் பல பேருக்கு நிஜமாகவே டிஸ்க் போயிருக்கலாம். ஆனால் அந்த டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். "சார், இதை வேற மெஷின்ல போட்டுப் பார்த்தீங்களா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் எதற்கும் சம்மதிக்காதீர்கள். கழற்றிய பழைய டிஸ்கையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன், அதுவும் புத்தியால் அல்ல, விட மனம் வராமல்.

புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க்), புது விண்டோஸ். மறுநாளே லேப்டாப் பறந்தது. நூலாசிரியருக்குப் போன் செய்து, ஃபைல்கள் போய்விட்டன என்று சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு அனுப்பியிருந்த ஒரு பிடிஎஃப் மட்டும் மின்னஞ்சலில் மிச்சம் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலக் கட்டுரைகளிலிருந்து மறுபடி வேலையைத் தொடங்கினேன். முன்பு செய்த அதே வேலையை, அதே கவனத்தோடு இரண்டாம் முறை செய்வது உடம்பைவிட மனதைத்தான் அதிகம் அடித்துப்போடுகிறது. எட்டு நாளில் 140 பக்கம் முடித்தேன். ஒன்பதாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். உட்கார்ந்து திறந்தால், "நோ பூட்டபிள் டிவைஸ் ஃபவுண்ட்".

இந்த முறை அழுகை வரவில்லை. ஒன்பது நாள் வயதான டிஸ்கும் அதே இடத்தில், அதே மாதிரி செத்துப்போகுமா என்ற சந்தேகம்தான் வந்தது. நண்பர் ஒருவரிடம் போனில் புலம்பியபோது அவர் ஒரே கேள்வி கேட்டார்: "பழைய டிஸ்கை வெளியே வேற எதுலயாவது மாட்டிப் பார்த்தியா?" அவரிடம் டிஸ்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சின்ன கேபிள் இருந்தது. லேப்டாப்பில் வரும் இரண்டரை அங்குல டிஸ்குக்கு யூஎஸ்பி தரும் ஐந்து வோல்ட் மின்சாரமே போதும். பெரிய கம்ப்யூட்டரில் வரும் மூன்றரை அங்குல டிஸ்குக்குத்தான் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். இழுப்பறையில் கிடந்த பழைய டிஸ்கை எடுத்து அந்தக் கேபிளில் மாட்டி, அவருடைய கம்ப்யூட்டரில் செருகினேன். கையில் மெல்லிய அதிர்வு. டிஸ்க் சுற்றத் தொடங்கியது. சில விநாடியில் திரையில் என் டிரைவ் எழுத்துகள் வந்து நின்றன. புத்தகம், எழுத்துருக்கள், ஐந்தாண்டுப் படங்கள், எல்லாம் இருந்தன. சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. 140 பக்கம்!

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன, ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் இருப்பதையும் தொலைக்கிறார்கள். வெளியே மாட்டியதும் விண்டோஸ் "டிரைவில் பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். "பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்டாலும், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் "இனிஷியலைஸ்" (புது டிஸ்காகத் தயார்) செய்யச் சொன்னாலும் அதே பதில்தான். நலிந்த டிஸ்கில் செக்டிஸ்க் என்ற அந்தப் பிழை திருத்தும் நிரலை ஓட்டுவது, காய்ச்சல்காரரை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது போன்றது. முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு. பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று ஒரு செய்தி வரும், அது வேறு கணக்குக்குச் சொந்தமானது என்பதால் வருவது, பயப்பட வேண்டாம், தொடரச் சொன்னால் பெரும்பாலும் திறந்துவிடும். புதிய லேப்டாப்களில் வேறொரு சிக்கல் உண்டு. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற மறையாக்கத்தால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். நாம் எதையும் பூட்டவில்லையே என்று நினைப்போம், ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே பல லேப்டாப்களில் அது தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும். கீ பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

அப்புறம் சத்தம். டிஸ்கைக் காதருகே வைத்தால் சீரான ஓட்டம் மட்டும் கேட்டால் நல்லது. "டக், டக்" என்று ஒரே சீராகத் தட்டினால், அல்லது சுற்றத் தொடங்கி நின்று நின்று போனால், உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே படிக்கும் தலை, தகவல் பதிந்திருக்கும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும் பொருள். அது தட்டை உரசத் தொடங்கியிருந்தால் நாம் போட்டுப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தகவல் நிரந்தரமாகச் சுரண்டப்படுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு பழைய வைத்தியம் உலவுகிறது. வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த நிலையில் ரெக்கவரி செய்பவரிடம் நேரே போவதுதான் வழி. எஸ்எஸ்டியில் இந்தச் சத்தக் குறிப்பு எதுவும் கிடையாது, அது போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

காப்பி முடிந்தபின் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் ஸ்மார்ட் அட்டவணையைப் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு அது. அதில் பலவற்றை நான் கவனிப்பதில்லை. 5 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள். 197, படிக்க முடியாமல் தொங்கலில் நிற்கும் இடங்கள். இரண்டும் பூஜ்ஜியம். அதாவது டிஸ்கின் தட்டுகள் நலம். 199 என்ற வரியில் மட்டும் 4பி2 என்று இருந்தது. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் காட்டும் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சாதாரணக் கணக்கில் அது 1202. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே பயணம் செய்த தகவல், வழியில் சிதைந்துபோன எண்ணிக்கை அது. வழி என்றால் கேபிள். என்னுடைய டிஸ்க் தான் பிழைத்திருக்கும்போதே, தப்பு தன்மேல் இல்லை என்று 1202 முறை எழுதி வைத்திருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. புது எஸ்எஸ்டியையும் அதேபோல் வெளியே மாட்டிப் பார்த்தேன். எல்லாத் தயாரிப்பிலும் அந்த 199 இருக்காது, நல்லவேளையாக இதில் இருந்தது. ஒன்பது நாளில் 37.

புது டிஸ்க் எப்படி ஒன்பது நாள் ஓடியது என்பதற்கும் அப்போது விடை கிடைத்தது. மாற்றும்போது கேபிளைக் கழற்றி மாட்டியதில் அது கொஞ்சம் நகர்ந்து ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, பிறகு பழையபடி தளர்ந்துவிட்டது. பாகத்தை மாற்றியதும் சரியானதால் பழைய பாகம்தான் கெட்டது என்று முடிவு கட்டக்கூடாது என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன்.

லேப்டாப்பை நானே திறந்தேன். முதலில் சார்ஜரை எடுத்துவிட்டு, பின்மூடியைக் கழற்றியதும் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். இதைச் செய்யாமல் உள்ளே எதையும் தொடக்கூடாது. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். குட்டை இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கிக்கொண்டு வரும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்கு விரல் அகலத்தில் ஒரு தட்டையான நாடா போனது. அதுதான் கேபிள். மதர்போர்டு பக்கம் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிய பிறகே இழுக்க வேண்டும், அப்படியே பிடித்து இழுத்தால் சாக்கெட் போய்விடும். நாடா டிஸ்கின் மூலையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒரு கூர்மையான மடிப்பு. நான் எப்போதும் ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கும் மூலையும் அதுதான்.

கேபிள் வாங்குவதிலும் ஒரு வாரம் வீணானது. லேப்டாப் மாடலின் பெயரைச் சொல்லி வரவழைத்தேன், வந்தது பொருந்தவில்லை. ஒரே மாடல் பெயரில் இரண்டு விதமான போர்டுகள் இருக்கலாமாம். கேபிள்மேலேயே பொடி எழுத்தில் ஒரு நீளமான எண் அச்சடித்திருக்கும், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாவதாக வந்தது சரியாக உட்கார்ந்தது. பயாஸில் டிஸ்க் தெரிந்தது.

என் எழுத்துருக்களும் மென்பொருள் உரிமங்களும் பழைய டிஸ்கில் இருந்ததால், அதையே மறுபடி உள்ளே போட்டு எழுப்பினேன். விண்டோஸ் சின்னம் வந்தது, சுழன்றது, நீலத்திரை: "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்". அந்த ஒரு மாதத்தில் லேப்டாப்பை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று நிஜமாக நினைத்தது அந்த நிமிடம்தான். அன்று மாலை முழுக்கத் தேடியதில் தெரிந்தது, குற்றவாளி நான். பயாஸைத் தொடக்க நிலைக்குத் திருப்பினேன் அல்லவா, அப்போது டிஸ்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறையிலிருந்து, பல டிஸ்குகளைச் சேர்த்து ஆள்வதற்கான ரெய்டு என்பதற்கு மாறிவிட்டது. பழைய விண்டோஸ் ஏஎச்சிஐயில் பழகியது. அதைத் திருப்பி வைத்ததும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தது. நாம் கையே வைக்காமலும் இந்த மாற்றம் நடக்கலாம்: மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடலாம். தேதி திடீரென்று பழைய ஆண்டுக்குப் போய்விட்டிருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

மெல்லிய புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கேபிள் கதை பொருந்தாது. அவற்றில் எம்.2 என்ற சின்னப் பலகை வடிவ எஸ்எஸ்டி நேராக மதர்போர்டில் செருகி ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். அது தளர்ந்திருக்கிறதா என்று கழற்றி மாட்டிப் பார்க்கலாம். வாங்கி மாட்டிய புது எம்.2 தெரியவில்லை என்றால், அந்த ஸ்லாட் வேகமான என்விஎம்ஈ வகையை மட்டும் ஏற்குமா, பழைய சாட்டா வகையையும் ஏற்குமா என்று பாருங்கள். இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இன்னொன்று, இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விண்டோஸ் போடும்போது "டிரைவே இல்லை" என்று வரும், ஆனால் பயாஸில் டிஸ்க் தெரியும். அங்கே டிஸ்க் கெடவில்லை. டிஸ்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் ஏற்பாட்டுக்கான டிரைவர் மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு அதே திரையில் ஏற்றினால் தெரிந்துவிடும். இதைக் கோளாறு என்று நினைத்து எத்தனை நல்ல டிஸ்குகள் குப்பைக்குப் போயிருக்குமோ.

பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்து உள்ளே மாட்டினேன். பழையது ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போய் பேக்கப்புக்கு ஆனது. வெள்ளிக்கிழமை தோறும் செருகுகிறேன், வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுகிறேன். திரும்பச் செய்த 140 பக்கத்தையும் பழையதையும் ஒப்பிட்டுப் பார்த்த நூலாசிரியர் முதல் பாதிக்குப் புதியதையும் மீதிக்குப் பழையதையும் எடுத்துக்கொண்டார். லேப்டாப்பை இப்போது இரண்டு கையால் அடியில் பிடித்துத் தூக்குகிறேன், பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். 199இல் இருக்கும் எண்ணிக்கை குறையவே குறையாது, ஏறாமல் இருந்தால் போதும். எஸ்எஸ்டியில் இன்று காலையும் பார்த்தேன். 37.